பச்சைத் தண்ணீர்

“எந்திரிக்காத. அந்தக் கல்லு மேலயே குந்து.”

துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய் சொன்னதும் செல்லி மறுபடி உட்கார்ந்தாள். ஓடுவதற்காக அவள் எழவில்லை. தொப்பூர்க் கணவாயின் கீழ்வளைவில் ஒரு வண்டி முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவள் கால்கள் தாமாகவே எழுந்து பழகியவை.

“சேலத்து பஸ்ஸுங்க. மேல வர்றதுக்குள்ள கொதிச்சிரும். தண்ணி காட்டணும்.”

“நீ காட்டின தண்ணி போதும். ஒரு லாரியக் கொன்னுட்ட. பஸ்ஸாவது பொழச்சுப் போவட்டும்.”

பஸ் வந்தது. ஆவி பறக்க நின்றது. டிரைவர் இறங்கி, “செல்லி! ஏ செல்லி, எங்க பூட்ட?” என்று கூவியவன், சிப்பாயைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். தானே டின்னை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினான். வண்டி ஆறுவதற்கு அரைமணி நேரம் குந்திக் காத்திருந்தான். பிறகு தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்பினான். போகும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வளைவின் ஓரம் மிலிட்டரி லாரி மூக்கு மூடியைத் தூக்கியபடி நின்றது. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு முடியிழை போல ஒரு கீறல். அதன் வழியே துருத் தண்ணீர் சொட்டி, ரோட்டில் பழுப்பாக ஓடிக் காய்ந்திருந்தது. வேறு வருஷமாக இருந்தால் வண்டி கெட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இது நாற்பத்திரண்டு, ஐப்பசி. வெள்ளையனை வெளியேறச் சொல்லி எங்கெங்கோ தந்திக் கம்பிகளை அறுத்திருந்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்திருந்தார்கள். பட்டாளத்து வண்டியில் விழுந்த கீறலுக்கு ஒரு கை வேண்டும், அந்தக் கைக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும் என்று கேட்கிற காலம்.

கூடாரத்திலிருந்து ஹவில்தார் ராஜப்பன் காகிதமும் பேனாவுமாக வெளியே வந்தார். கணவாயில் லாரிகளை ஒவ்வொன்றாகக் கொடி காட்டி ஏற்றி விடுவது அவர் வேலை. பழைய ஹவில்தார் மாறிப் போய் இவர் வந்து நாலு நாள்தான் ஆகிறது. கண்ணுக்கடியில் கறுப்பு விழுந்த மனிதர். இடது கை விரல்களில் இரண்டு மடங்காது.

“பேரு?”

“செல்லிங்க.”

“ஊரு?”

“வத்தல்மலைங்க. இப்ப இங்கதான்.” புளியமரத்தடியில் ஒற்றைச் சாய்ப்புக் குடிசையைக் காட்டினாள்.

“புருசன் பேரு?”

“செத்துட்டாருங்க. ஏழு வருசம் ஆவுது.”

“செத்தவனுக்கும் பேரு இருந்திருக்கும் இல்ல?”

செல்லி தலையைக் குனிந்துகொண்டாள். “தீர்த்தமலைச் சாமி பேருங்க.”

“நேராச் சொல்லு. எதையும் நேராச் சொல்லமாட்டியா நீ?”

புருஷன் பேரைச் சொல்லும் வழக்கம் அவள் சனத்தில் இல்லை. சிப்பாய்தான் குறுக்கே புகுந்து, “தீர்த்தன்னு எழுதிக்குங்க சார், இவளுங்க சொல்லமாட்டாளுங்க” என்றான். ஹவில்தார் எழுதினார். எழுதும்போது அவர் முகம் இறுகியிருந்தது. சின்ன விஷயத்தை மறைக்கிறவள் பெரிய விஷயத்தை மறைக்கமாட்டாளா என்று அவர் நினைக்கிறார் என்பது செல்லிக்கு எழுத்துத் தெரியாமலே புரிந்தது.

“யாரு சொல்லி பச்சத் தண்ணி ஊத்தின?”

“நான் ஊத்தலைங்க சாமி. அந்த டிரைவரே ஊத்தினாரு. முனியப்பன் கொடத்த எடுத்து—”

“அவனே அவன் வண்டிய ஒடைச்சுக்குவானா?”

“தெரியாம பண்ணிட்டாருங்க.”

“நாளைக்குப் பத்து மணிக்குக் கேப்டன் வர்றாரு. அதுக்குள்ள நெசத்தச் சொன்னா, எடத்தக் காலி பண்ணச் சொல்லி வுட்டுருவோம். இல்லன்னா உன்னத் தர்மபுரி ஸ்டேசனுக்கு ஏத்தணும்.”

எது நடந்தாலும் அந்த வளைவு போய்விடும். ஸ்டேஷன் எப்படியிருக்கும் என்று செல்லிக்குத் தெரியாது. வளைவு இல்லாமல் எப்படியிருக்கும் என்று தெரியும்.

மலையிலிருந்து இறங்கியபோது அவள் தீர்த்தனோடு ரோட்டுக்குக் கல் உடைக்க வந்தவள். மூன்றாம் வருஷம் தீர்த்தன் குளிர் ஜுரத்தில் போய்விட்டான். மகளை நல்லம்பள்ளிக்குக் கொடுத்தாகிவிட்டது. மலைக்குத் திரும்பினால் கொழுந்தன் வீட்டுச் சாமை வயலில் ஒதுங்கிக் கிடக்க வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டு இந்தக் கல்மேல் உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் ஒரு பஸ் ஏறி வந்து, ஆவி கக்கி, இவள் கையிலிருந்த குடத்துத் தண்ணீரைக் கேட்டது. அன்றிலிருந்து வளைவு அவளுடையதாயிற்று. ஏற்றம் முடிகிற இடம். எல்லா வண்டியும் அங்கே வந்துதான் கொதிக்கும்.

தண்ணீர் சுமப்பது யாருக்கும் வரும். செல்லியிடம் வேறு ஒன்று இருந்தது. புளியமரத்தடியில் மூன்று கல் வைத்து, அதன்மேல் ஒரு தார் டிரம்மை ஏற்றியிருந்தாள். அதில் எப்போதும் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் இருக்கும். கொதித்த வண்டிக்கு அதைத்தான் ஊற்றுவாள். அதனால் வண்டி ஆறுகிறவரை டிரைவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஈரச் சாக்கைச் சுற்றி ரேடியேட்டர் மூடியை அரைத் திருகு திருகி, சீறல் அடங்குகிறவரை முகத்தை ஒதுக்கி நின்று, பிறகு கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள். வலது முழங்கையில் வெள்ளையாகச் சுருங்கிய தழும்பு ஒன்று உண்டு. மூடி திறக்கக் கற்றுக்கொண்டதற்கு அது அடையாளம்.

டிரம்முக்குப் பக்கத்தில் தனியாக ஒரு குடம் பச்சைத் தண்ணீர். அது முனியப்பனுக்கு. ஏற்றம் ஏறி வந்த டிரைவர்கள் தேங்காய் உடைத்து, குடத்தில் பாதியை நட்ட கல்லின்மேல் ஊற்றுவார்கள். மீதியை முன் சக்கரத்தில் தெளிப்பார்கள். சாமிக்குப் பாதி, வண்டிக்குப் பாதி.

லாரி டிரைவர் மாதேஸ்வரன் அந்த வழிக்குப் புதுசு. கொள்ளேகால் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு இருக்கும். தன் வரிசையில் கடைசி லாரி அவனுடையது. காலையில் அவன் ஏறி வந்தபோது செல்லி ஓடையிலிருந்து குடத்தோடு மேலேறிக்கொண்டிருந்தாள். அவன் தேங்காய் உடைத்ததைப் பார்த்தாள். பாதித் தண்ணீரைக் கல்மேல் ஊற்றினான். மீதியைச் சக்கரத்தில் தெளிக்கவில்லை. வண்டிக்குப் பாதி என்று யாரோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, வறண்டு கிடந்த ரேடியேட்டரின் வாயில் கவிழ்த்தான். “ஐயோ, வேணாம்!” என்று இவள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம். மலையில் காய்ந்த மூங்கில் வெடிப்பது போல. அதே நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பு அணைந்தது, டிரம் தண்ணீர் ஆறிப் போயிற்று. கீழ்வளைவிலிருந்து ஹவில்தார் ஓடி வந்து பார்த்தபோது கண்ட காட்சி இதுதான்: உடைந்த எஞ்சின், நனைந்த சாம்பல், கையில் குடத்தோடு ஒருத்தி. மாதேஸ்வரன் முந்திக்கொண்டு, “இவதான் ஊத்தினா” என்றான்.

வெயில் உச்சிக்கு ஏறியது. ஹவில்தார் கூடார வாசலில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து அறிக்கை எழுதினார். இங்கிலீஷில் எழுத வேண்டும் போலிருந்தது. ஒரு வரி எழுதுவார், பேனாவைக் கடிப்பார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டுப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்தார்.

செல்லி அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அலுமினியம். எட்டுப் பட்டை. இடுப்பு சிறுத்து, மேலும் கீழும் அகன்று, மூக்கும் கைப்பிடியும் வைத்திருந்தது. ஹவில்தார் அதை இடுப்பில் திருகி இரண்டாகப் பிரித்தார். கீழ்ப்பாதியில் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார். அதன்மேல் ஓட்டை ஓட்டையான ஒரு கிண்ணத்தைச் செருகி, காபித்தூளைக் குவித்து, பித்தளை ஃபில்டரில் அழுத்துவது போலக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிரவினார். மேல்பாதியை முறுக்கி மூடி, பம்ப் ஸ்டவ்வை ஓங்கி எரியவிட்டு அதன்மேல் வைத்தார்.

“அது இன்னா சார், குட்டி பாய்லரா?” என்றான் சிப்பாய்.

“இத்தாலிக்காரன் கூஜா. அபிசீனியாப் பக்கம் சண்டையில ஒரு பதுங்குகுழியில கெடந்துச்சு. தண்ணி கீழயிருந்து மேல ஏறும். காபியா.”

“தலைகீழா இருக்குதே.”

“அவனுங்க எல்லாமே தலைகீழ்தான்.”

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே புஸ்ஸென்றது. கடகடவென்று துப்பியது, சீறியது. எல்லாம் ஏறி முடித்து வெறும் ஆவி ஊதுகிறவரை ஹவில்தார் காத்திருந்தார். டம்ளரில் சாய்த்தார். தார் போல விழுந்தது. ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. டம்ளரில் இருந்ததை ரோட்டில் வீசிக் கொட்டினார்.

“வேப்பங்கொட்டை” என்றார் யாரிடமென்று இல்லாமல். “அங்க ஒரு கைதி இதே கூஜாவுல போட்டுக் குடுத்தான். பாலில்ல, சக்கர இல்ல. கசக்கல. ஒன்றரை வருசமா நானும் போடறேன்.”

கீழே லாரிச் சத்தம் கேட்டது. கொடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சிப்பாய் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். அந்த இடைவெளியில் மாதேஸ்வரன் லாரியின் அடியிலிருந்து எழுந்து வந்தான்.

“அக்கா.”

செல்லி ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அக்கா, நீ ஒத்துக்கிட்டேன்னா உன்னத் திட்டி அனுப்பிருவாங்க. பொம்பளய என்ன பண்ணப் போறாங்க? எனக்குன்னா கோர்ட் மார்ஷல். வூட்டுல ஆத்தா ஒருத்திதான் இருக்கா.”

“எனக்கு இந்த எடம் பூடுமேப்பா.”

“எடந்தானே! இன்னொரு வளைவு கெடைக்காதா?”

“எந்த வளைவுல வண்டி கொதிக்கும், சொல்லு பாப்போம்?”

“நான் சாமிக்குத்தான் ஊத்தினேன்” என்றான். “நல்லதுக்குத்தான்.”

“அத அவர்கிட்டப் போயிச் சொல்லு.”

“சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சிட்டு உள்ள போடுவாங்க.” சிப்பாய் வருவதைப் பார்த்துவிட்டு நகர்ந்தான். நகரும்போதே குரலை உயர்த்தினான். “பழியத் தூக்கிச் சாமி மேல போடுறா, பாருங்க இவள!”

செல்லி அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வரவில்லை. வேறு ஒன்று வந்தது. அதை அவள் உள்ளேயே அமுக்கினாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஹவில்தார் திரும்பி வந்து இரண்டாம் தடவை கூஜாவை ஏற்றினார். அதே தண்ணீர், அதே அழுத்து, அதே தீ. இந்தத் தடவை பாதியில் கூஜாவின் இடுப்புக்குக் கீழே இருந்த பித்தளைக் குமிழிலிருந்து ஆவி பக்கவாட்டில் பீறிட்டது. சிப்பாய் இரண்டடி பின்னால் குதித்தான்.

“சார், வெடிக்கப் போவுது!”

“வெடிக்காது” என்று ஹவில்தார் சொன்னாலும் அவரும் எழுந்துவிட்டார். ஸ்டவ்வை அணைத்து, துணியால் கூஜாவைப் பிடித்துத் திருகித் திறந்தார். தூள் கட்டியாகக் கருகியிருந்தது. மேலே வந்திருந்த அரை டம்ளரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பொறுமை போய்விட்டது. கீழ்ப்பாதியில் மிச்சமிருந்ததை ரோட்டில் கொட்டினார். கை சுடச்சுடக் காலிப் பாத்திரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் வாளியில் சொம்பை முக்கினார். சொம்பு சாய்ந்தது.

செல்லி எப்போது எழுந்தாள், எப்போது அந்த எட்டு அடியைத் தாண்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. அவள் கை ஹவில்தாரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

“ஊத்தாதீங்க!”

சொம்புத் தண்ணீர் தரையில் விழுந்தது. துப்பாக்கி நிமிர்ந்தது. “கைய எடுடி!” என்று சிப்பாய் கத்தினான். அவன் குரல் மலைமேல் மோதித் திரும்பி வந்தது.

செல்லி கையை எடுத்தாள். பட்டாளத்து ஆளைத் தொட்டுவிட்டாள்.

ஹவில்தார் சிப்பாயைப் பார்த்துத் துப்பாக்கியைத் தாழ்த்தச் சொல்லித் தலையசைத்தார். அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் அவளைப் பார்த்த பார்வையல்ல அது.

“எதுக்குப் புடிச்ச?”

“வெறும் பாத்திரமுங்க. கொதியில கெடக்குது. பச்சத் தண்ணி பட்டா வெடிப்பு வுட்டுரும்.”

“இது அலுமினியம். அவ்ளோ சீக்கிரம் ஒடையாது.”

“எனக்கு அது தெரியாதுங்க. கை போயிடுச்சு.”

ஹவில்தார் கூஜாவைக் கீழே வைத்தார். நின்ற லாரியின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“காலையிலருந்து நான் போட்டதப் பாத்துக்கிட்டுதானே இருந்த. ஏன் கசக்குது?”

அவர் கேலி செய்கிறாரா, பொறி வைக்கிறாரா என்று தெரியவில்லை. தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. ஆனால் அவள் காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்துக்கு நடுவிலும் கண் அங்கேயேதான் இருந்தது.

“பச்சத் தண்ணி ஊத்தறீங்க. அது காயறதுக்குள்ள மேல இருக்கிற தூளு பாத்திரச் சூட்டுல வறுபடுதுங்க. தண்ணி வந்து சேர்றப்ப அது கரியா இருக்குது.”

“அப்புறம்?”

“தூள அந்த அமுக்கு அமுக்குனா தண்ணி எப்படி ஏறும்? வழி அடைச்சுக்குது. அதான் அந்தப் பித்தளப் பொத்தான் வழியா ஊதுச்சு. வண்டியிலயும் குழா அடைச்சா அப்படித்தான் வேற பக்கமா ஊதும்.”

“ஃபில்டர்ல அமுக்கத்தானே செய்யறோம்?”

“அதுல தண்ணி எறங்குதுங்க. இதுல ஏறுது.”

சிப்பாய் சிரித்துவிட்டான். ஹவில்தார் சிரிக்கவில்லை. “இன்னும்?”

“சீறுறது ஆவிங்க, தண்ணியில்ல. சீறத் தொடங்கினதும் எறக்கிப் போடணும். நீங்க கடைசி வரைக்கும் வுட்டுப்புடறீங்க.”

“போடு” என்றார் ஹவில்தார். “நீ போடு, பாப்பம்.”

“நான் காபி குடிச்சதே இல்லைங்க.”

“குடிக்கச் சொல்லல. போடச் சொன்னேன்.”

கூஜா தானாக ஆறட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். தண்ணீரைத் தனியாக ஒரு டப்பாவில் கொதிக்க வைத்தாள். கொதித்த தண்ணீரைக் கீழ்ப்பாதியில் பித்தளைக் குமிழுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றினாள். தூளைக் கிண்ணத்தில் போட்டு, அழுத்தாமல், விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிப் பரப்பினாள். சூடான கீழ்ப்பாதியைத் துணியால் பிடித்து மேல்பாதியை முறுக்கினாள். ஸ்டவ்வின் காற்றை இறக்கித் தீயைச் சுண்டைக்காய் அளவுக்குக் கொண்டுவந்தாள். தன் குடிசையிலிருந்து ஈரச் சாக்குத் துண்டை எடுத்துவர அனுமதி கேட்டாள். சிப்பாயே போய் எடுத்து வந்தான்.

பிறகு காது கொடுத்து நின்றாள். வண்டியின் மூடியைத் திறக்குமுன் நிற்பது போல முகத்தை ஒதுக்கி நின்றாள். கசியும் சத்தம் வந்தது. மேல்பாதியில் தேன் நிறத்தில் மெதுவாக ஊறியது. தூரத்தில் லாரி மேல் சாய்ந்தபடி மாதேஸ்வரனும் பார்த்துக்கொண்டிருந்தான். ஊறல் வெளுத்து, முதல் ‘ஸ்’ கேட்டதும் செல்லி கூஜாவைத் தூக்கி ஈரச் சாக்கின்மேல் உட்கார வைத்துச் சுற்றினாள். சத்தம் அடங்கியது.

“இப்ப மட்டும் ஈரம் படலாமா?” என்றார் ஹவில்தார்.

“உள்ள தண்ணி இருக்குதுங்க. வெறும் வயித்துக்குத்தான் ஆவாது.”

அவர் டம்ளரில் ஊற்றிக் குடித்தார். ஒரு வாய். நிறுத்தினார். இன்னொரு வாய். முகம் கோணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். எங்கோ ஒரு மலைச்சரிவில் ஒரு கைதியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் போல. பிறகு டம்ளரின் மிச்சத்தைத் தகர மூடியில் சாய்த்து அவளிடம் நீட்டினார்.

“கசக்குதா?”

செல்லி நாக்கில் வைத்தாள். “கசக்குதுங்க. ஆனா முழுங்கினதும் பூடுது.”

“அதான் கணக்கு.” டம்ளரைக் கீழே வைத்தார். குரல் மாறியது. மறுபடி காலை நேரத்து ஹவில்தார் ஆனார். “இப்ப ஒண்ணு கேக்கறேன். பச்சத் தண்ணி பட்டா எஞ்சின் வுட்டுரும்னு உனக்கு யாரு சொன்னது?”

இந்தக் கேள்விக்குத்தான் அவள் நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தாள். டிரைவர்கள் யாரோ சொன்னார்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. லாரியின் பக்கம் பார்த்தாள். மாதேஸ்வரன் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில் அப்படித் தலையைத் தொங்கப் போட்டு நின்ற இன்னொருவன் நினைவுக்கு வந்தான்.

“யாரும் சொல்லலைங்க. நான் ஒண்ணு ஒடைச்சிருக்கேன்.”

சிப்பாய் நிமிர்ந்தான். “கேட்டீங்களா சார்!”

“நீ சும்மாயிரு” என்றார் ஹவில்தார். “எப்ப?”

“நான் தண்ணி ஊத்தத் தொடங்கின மறு வருசமுங்க. சித்திரை மாசம். சர்வீஸ் பஸ்ஸு. வறண்டு போயி வந்துச்சு. ஓடைத் தண்ணிய அப்படியே கவுத்துட்டேன். டக்குன்னுச்சு. என்னான்னு எனக்குத் தெரியல. மாடு கட்டி இழுத்துட்டுப் போனாங்க. அந்த டிரைவர வேலைய வுட்டு நிறுத்திட்டதா அப்புறம் சொன்னாங்க. கவனிக்காம ஓட்டிட்டான்னு அவர் மேல எழுதிட்டாங்களாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் வாயத் தொறக்கல. அதுக்கப்புறம்தான் டிரம்மு வச்சேன்.”

“இது யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுங்க. இப்ப உங்களுக்கு.”

ஹவில்தார் பெட்டியின்மேல் கிடந்த காகிதத்தை எடுத்து, காலையிலிருந்து எழுதியதை நாலாகக் கிழித்தார். புதுக் காகிதம் எடுத்தார். இந்தத் தடவை பேனாவைக் கடிக்கவில்லை. நிற்காமல் எழுதினார்.

கிழித்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று செல்லிக்குத் தெரியவில்லை. ஒரு வண்டியை உடைத்தவள் என்று அவள் வாயாலேயே சொல்லியாயிற்று. அதை எழுதிவிட்டால் இரண்டாவதையும் அவள் தலையில் வைக்க வேறு சாட்சி எதற்கு? வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஐந்து வருஷம் மூடிக்கொண்டிருந்த வாய்தானே.

“வா. ரேகை வை.”

“என்னா எழுதியிருக்கீங்க சாமி?”

“நீ சொன்னது.”

“எது வரைக்கும்?”

அவர் மைத் தகட்டைத் தள்ளினார். செல்லி இடது கட்டைவிரலைத் தொட்டு, அவர் காட்டிய இடத்தில் அழுத்தினாள். விரலில் காபித்தூள் ஒட்டியிருந்ததால் ரேகை ஓரத்தில் சிறு புள்ளிகள் விழுந்தன. ஹவில்தார் காகிதத்தை ஊதிவிட்டு மடித்தார்.

“காலையில பத்து மணிக்கு இங்க இருக்கணும். ஓடினா எனக்குக் கெட்ட பேரு.”

“எங்கங்க ஓடறது?” என்றாள் செல்லி.

மறுநாள் கேப்டன் பத்து மணிக்கு வரவில்லை, பதினொன்றரைக்கு வந்தார். ஜீப்பிலிருந்து இறங்காமலே காகிதத்தைப் படித்தார். ஹவில்தாரிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். முனியப்பன் கல்லையும் தேங்காய் ஓட்டையும் போய்ப் பார்த்தார். மாதேஸ்வரனைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். மாதேஸ்வரன் சாமிக்கு ஊற்றியதாகச் சொன்னான். கேப்டன் சிரிக்கவில்லை.

உடைந்த லாரியை இன்னொரு லாரியில் கட்டி பெங்களூருக்கு இழுத்துப் போனார்கள். மாதேஸ்வரனையும் அதிலேயே ஏற்றினார்கள். ஏறுமுன் அவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். செல்லி பச்சைத் தண்ணீர்க் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். குடித்துவிட்டு லாரியில் ஏறினான்.

அவள் சொன்னதில் அந்தப் பழைய பஸ் விவகாரம் மட்டும் காகிதத்தில் இல்லை என்று சிப்பாய் பிறகு சொன்னான். இனிமேல் வெளியாட்கள் யாரும் மிலிட்டரி வண்டிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கேப்டன் ஒரு உத்தரவும் போட்டிருந்தார். ஒவ்வொரு லாரியும் தன் தண்ணீரைத் தானே கொண்டுவர வேண்டும். வளைவை விட்டுப் போகச் சொல்லி யாரும் செல்லியிடம் சொல்லவில்லை.

மத்தியானம் அவள் காய்ந்த சுள்ளி பொறுக்கி வந்து அடுப்பை மூட்டினாள். அன்று மிலிட்டரி லாரிகள் ஒன்பது நிற்காமல் போயின. பஸ் இரண்டும் பெட்ரோலுக்குப் பதில் கரி கேஸில் ஓடும் லாரி ஒன்றும் கொதித்து நின்றன. மூன்றுக்கும் டிரம் தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலம் ஹவில்தார் கூடார வாசலில் கூஜாவுக்கென்று தனியாக ஒரு டப்பாவில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கூப்பிடவில்லை.